வினியின் கம்பம்

அருளம்பலம் ஓவியம் கற்றுக்கொள்ளப் போனபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அவருடைய ஆசிரியை கோராவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பெரிய படகில் அரை நாள் போகிற தூரத்தில், ஹைடா மக்களின் தீவுகள் இருக்கின்றன. அந்தப் படகின் சமையலறையில்தான் அருளம்பலம் வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவருக்கு அங்கும் இங்கும் அலைந்து கிடைத்த வேலை அது. ஓய்வு பெறும்வரை நிலைத்துவிட்டது. படகு கரையை நெருங்கும்போது உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்திவிட்டுச் சன்னல் வழியே பார்ப்பார். கரையில் உயரமான மரக்கம்பங்கள் நிற்கும். ஒரே செடார் மரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒன்றன்மேல் ஒன்றாக உருவங்கள் செதுக்கியிருக்கும். கழுகு, கரடி, தவளை, திமிங்கிலம், மனிதன். டோட்டம் கம்பம், டோட்டம் கம்பம் என்று பயணிகள் ஓடி ஓடிப் படமெடுப்பார்கள். ஊர்க்காரர்கள் வெறுமனே கம்பம் என்பார்கள்.

மனைவி மங்களம் இறந்த பிறகு, டொராண்டோவுக்கு வந்துவிடுங்கள் என்று மகள் தாரணி கூப்பிட்டாள். அருளம்பலம் போகவில்லை. கம்பங்கள் நிற்கிற ஊரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

"ஏனப்பா?" என்று தாரணி கேட்டாள்.

"இவ்வளவு காலமும் சன்னலுக்குள்ளால பார்த்தாச்சு. ஒருக்கா இறங்கிப் பார்ப்பம் எண்டுதான் பிள்ளை."

சனிக்கிழமைகளில் கோரா ஊர் மண்டபத்தின் பின்னறையில் ஓவியம் சொல்லிக்கொடுத்தாள். அவள் ஹைடாப் பெண். அவளுடைய படங்களில் மலை என்பது ஒரே ஒரு நீல மடிப்பு. கடல் மூன்று பட்டைகள். அவற்றுக்கு நடுவே தடித்தும் மெலிந்தும் ஒரு கறுப்புக் கோடு ஓடும். கோடு அவளுடைய முன்னோர் பெட்டிகளிலும் கம்பங்களிலும் போட்டது. நிறங்கள் அவளுடையவை.

இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள். 'ரீச்சர்' என்ற சொல்லை மட்டும் அருளம்பலம் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுவந்திருந்தார். தன்னைவிட இளையவளை அப்படிக் கூப்பிட அவருக்குக் கூச்சமே இருக்கவில்லை. கோராவுக்குத்தான் முதலில் கூச்சம். பிறகு பழகிவிட்டது. பிறகு பிடித்துவிட்டது. அவர் ஒரு வாரம் வராவிட்டால், "என்னை ரீச்சர் என்று கூப்பிட இன்று ஆளில்லை" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

முதல் மாதமே அருளம்பலம் கேட்டார்.

"ரீச்சர், கம்பத்தை எப்படி வரைவது?"

கோரா சன்னலைப் பார்த்தாள். வெளியே மழை.

"மழையை வரைந்துவிட்டீர்களா?"

"இல்லை."

"முதலில் அதை முடியுங்கள்."

அந்தத் தீவுகளில் குளிர்காலம் என்றால் மழைதான். பனி எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கும், மறுநாளே கரைந்து போகும். மழையோ காலையில் சாம்பல், மத்தியானம் வெள்ளி, பின்னேரம் கறுப்பு. அருளம்பலம் வரைந்து வரைந்து பார்த்தார். நூல்போல வந்தது. ஊசிபோல வந்தது. ஒருநாள் சன்னலுக்கு வெளியே பெய்வதுபோலக் கொஞ்சம் வந்தது.

அவர் மறுபடி கேட்டார்.

"மழை ஓரளவு வருகிறது, ரீச்சர். இனிக் கம்பம்?"

"யாருடைய கம்பம்?"

"யாருடையதும் இல்லை. படத்தில் நிற்கிற கம்பம்."

கோரா சிரித்தாள்.

"அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லையே" என்று சொல்லிவிட்டு அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அருளம்பலத்துக்கு உள்ளுக்குள் சின்னக் கோபம். எல்லாவற்றையும் சொல்லித் தந்துவிட்டு, குழம்பை இறக்கும்போது போடுகிற கடைசிச் சரக்கை மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிற சமையற்காரர்களை அவர் பார்த்திருக்கிறார். ரீச்சரும் அந்த ரகமோ என்று நினைத்தார். நினைத்ததற்காக வீடு போகும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் ஆசை போகவில்லை.

அவர் வீட்டிலேயே வரையத் தொடங்கினார்.

கோராவிடம் கற்றதையெல்லாம் ஒரு கான்வஸ் துணியில் கொட்டினார். நீல மடிப்பாக மலை. பட்டை பட்டையாகக் கடல். கரை முழுக்க வெள்ளைப் பனி, முழங்கால் ஆழத்துக்கு. பனிக்கு நடுவே ஒரு கம்பம். தினமும் கடைக்குப் போகிற வழியில் பார்க்கிற கம்பத்தையே பார்த்து வரைந்தார். அதன் அடியில் ஒரு கரடி உட்கார்ந்திருக்கும். படத்துக்கு அது பாரமாக இருந்தது. கீழே கனத்துக்கொண்டு நின்றது. கரடியை எடுத்துவிட்டு, தெருக்கோடி வீட்டு முகப்பில் பார்த்த தவளையை அந்த இடத்தில் வைத்தார். படம் சட்டென்று லேசாகிவிட்டது. அவரே எழுந்து நின்று பார்த்தார். நன்றாக இருந்தது.

வன்கூவரில் ஒரு கேலரி குளிர்காலக் காட்சிகளுக்கு ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகத் தாரணிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். படத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பினார். அது தேர்வாகிவிட்டது. அதையே வாழ்த்து அட்டையாகவும் அச்சடிக்கப் போவதாகச் சொன்னார்கள்.

"உண்மையாவோ அப்பா?" என்று தாரணி போனில் கத்தினாள்.

"ஓம் பிள்ளை. அட்டையும் அடிக்கப் போகினமாம்."

"அம்மா இருந்திருந்தா..." என்றவள் நிறுத்திவிட்டாள்.

மங்களம் போனபிறகு அப்பாவும் மகளும் சேர்ந்து சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு, அருளம்பலம் படத்தை அவிழ்த்துக் கோராவின் முன்னால் வைத்தார். கேலரிச் செய்தியையும் சொன்னார். புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கோரா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"பனி அழகாக இருக்கிறது. இவ்வளவு பனி இங்கே எப்போது விழுந்தது?"

"விழவில்லை, ரீச்சர். குளிர்காலம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே."

"தெரிகிறது" என்றாள்.

பிறகு குனிந்து கம்பத்தைப் பார்த்தாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

"தவளை எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தது?"

அருளம்பலத்துக்குப் புரியவில்லை.

"அங்கே கரடி இருந்தது, ரீச்சர். படத்துக்குக் கொஞ்சம் பாரமாக..."

"கரடி பாரமாக இருந்ததா!"

அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வந்தது, துடைத்தாள். அவரும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தார். பிறகு சிரிப்பு தானாகவே அடங்கிவிட்டது. அவளுடைய கண்கள் மட்டும் ஈரமாக இருந்தன.

"அது என் அம்மாவின் அம்மாவுடைய கம்பம், அருள். கரடி எங்கள் வீட்டுச் சின்னம். தவளை தெருக்கோடியில் இருக்கிறவர்களுடையது. ஹைடாக்காரர் எல்லோரும் இரண்டு பக்கம். நாங்கள் காகப் பக்கம், அவர்கள் கழுகுப் பக்கம். நாங்கள் அவர்களைக் கல்யாணம் செய்துகொள்ளலாம். அவர்களாக முடியாது."

அருளம்பலத்தின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியாது, ரீச்சர்."

"உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்."

கோரா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா போனாளில்லையா, போன வருஷம். என் சின்னம்மாமார் எல்லோரும் இந்த மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு ஒரு கம்பம் வேண்டும். அதில் யார் யார் வர வேண்டும், யாருக்கு மேலே யார் என்று பேசினார்கள். எதெல் சின்னம்மா கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். போனவள், கொண்டுவந்த கேக்கை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தாள். வந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி தொடங்கினார்கள்."

"எப்போது முடிந்தது?"

"மழைக்காலம் போய்விட்டது."

"ஒரு கம்பத்துக்கா?"

"ஓர் அம்மாவுக்கு."

அருளம்பலம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மங்களத்தின் மரண அறிவித்தல் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொக்குவிலில் வாழ்ந்து, காலஞ்சென்ற இன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் என்று எழுதவேண்டிய அறிவித்தல். லண்டனிலிருந்து ஒருவர், பாரிஸிலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து ஒருவர் என்று போனில் வந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் பெயர் முன்னால், இந்தப் பெயர் பின்னால். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டுப்போய், அவர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த அறிவித்தலில் யாரோ முன்பின் தெரியாத ஒருவன் வந்து, மாமனாரின் பெயர் நீளமாக இருக்கிறது, பார்வைக்கு நன்றாக இல்லை என்று அடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை எழுதியிருந்தால்?

அவருக்குக் காது இரண்டும் சுட்டன.

"படத்தைக் கிழித்துப் போடட்டுமா, ரீச்சர்?"

"படம் உங்களுடையது."

"கம்பம் உங்களுடையது."

"ஆமாம்."

"அப்படியென்றால் நான் என்ன செய்ய வேண்டும்? எப்படி வரைந்தால் சரி?"

கோரா எழுந்துபோய்க் கேத்திலை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்லை. அம்மாவின் கம்பத்தை எழுப்புகிறோம். நீங்கள் வர வேண்டும்."

"வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?"

"ரப்பர் சப்பாத்து."

திங்கட்கிழமை அருளம்பலம் கேலரிக்குப் போன் செய்தார். படத்தைக் கண்காட்சிக்குக் கொடுக்க முடியாது, அட்டையும் அடிக்க வேண்டாம் என்றார். எதிர்ப்பக்கத்தில் பேசிய பெண்மணிக்கு ஆச்சரியம்.

"ஏன்? அருமையான படமாயிற்றே."

"கம்பம் பிழை, அம்மா."

"குளிர்காலமும் கம்பமும் என்றால் எல்லோரும் இப்படித்தான் வரைகிறார்கள். அதையெல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை."

"கேட்டுவிட்டார்கள்."

"யார்?"

"கரடி வீட்டுக்காரர்கள். தவளை வீட்டுக்காரர்கள் இன்னும் பார்க்கவில்லை."

அந்தப் பெண்மணி, அப்படியானால் அந்த இடத்துக்கு வேறு படம் போடுகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தாரணியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டாள்.

"எவ்வளவு ஆசையாய் எல்லாருக்கும் சொல்லி வைச்சிருந்தன். அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம் அப்பா, அவைக்காண்டி இப்பிடி விட்டுக்குடுக்க?"

ரீச்சர் இருக்கிறாள் என்று சொல்லலாம். சனிக்கிழமையில் இரண்டு மணிநேரம் பாடம் சொல்லித்தருகிற ஒருத்தியை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ரப்பர் சப்பாத்து எந்தப் பெட்டிக்குள்ள கிடக்குதோ தெரியேல்ல பிள்ளை. தேடவேணும்" என்று போனை வைத்தார்.

வழக்கமாகக் கம்பத்தைக் கோடையில்தான் எழுப்புவார்கள். கோராவின் மச்சான் லைல்தான் அதைச் செதுக்கியவன். கோடையில் அவனுக்குக் கை முறிந்ததால் வேலை பிந்திவிட்டது. அடுத்த கோடைவரை பொறுக்கலாமே என்று அவன் கேட்டுப் பார்த்தான். "மரம் பொறுக்கும். நான் பொறுப்பேனா?" என்றாள் எதெல் சின்னம்மா. அவளுக்கு எழுபது தாண்டியிருந்தது. லைல் மறுபடி உளியை எடுத்தான்.

சனிக்கிழமை விடிந்தபோதே வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. பாதி மழை, பாதி பனி. கடற்கரையோரப் புல்வெளி சேறாகக் கிடந்தது. ஊர் முழுக்க அங்கே நின்றது. அக்கம்பக்கத் தீவுகளிலிருந்தும் படகில் வந்திருந்தார்கள்.

கோராவின் அம்மா வினியின் கம்பம் தரையில் படுத்திருந்தது. அடிப்பகுதி குழியின் விளிம்பில். கம்பத்தின் உச்சியிலிருந்து நாலா பக்கமும் நீண்ட கயிறுகள். வீட்டுக்காரர்கள் சிவப்பும் கறுப்புமான போர்வைகளைப் போர்த்திக்கொண்டு ஒரு பக்கமாக நின்றார்கள். போர்வைகளில் வெள்ளைப் பொத்தான்களால் கரடி தைத்திருந்தது. நடுவில் கோரா. தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. அவள் முகத்தை அருளம்பலம் அப்படிப் பார்த்ததில்லை. ரீச்சருடைய முகமாக இல்லாமல், அம்மாவை இழந்த ஒரு பெண்பிள்ளையின் முகமாக இருந்தது.

அருளம்பலம் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு நல்ல இடம் பார்த்து நின்றார். அங்கிருந்தால் கம்பம் முழுதாகத் தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை ஒன்றையும் தவறவிடுவதில்லை என்று நினைத்திருந்தார்.

லைல் அவரைப் பார்த்துவிட்டான்.

"நீங்கள்தானே அருள்? கோராவின் மாணவர்?"

"ஆமாம்."

"அங்கே ஏன் நிற்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கயிற்றில் வைத்தான்.

"நான் பார்க்கலாமென்று..."

"இழுங்கள்" என்றான் லைல்.

மேளம் அடித்தது. யாரோ பாடத் தொடங்கினார்கள். எல்லோரும் ஒன்றாக இழுத்தார்கள். கயிறு ஈரத்தில் கனத்திருந்தது. அருளம்பலத்துக்கு முன்னால் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெரிய முதுகு. கோட்டு கிழிந்த இடத்தில் வெள்ளி நாடா ஒட்டியிருந்தது. அதற்கு முன்னால் பச்சை முதுகு, அதற்கு முன்னால் ஒரு கறுப்பு முதுகு. அவருக்கு அவ்வளவுதான் தெரிந்தது. கம்பம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கையில் கனம் மட்டும் வந்தது.

பாதி எழுந்திருக்கும். ஒரு பக்கத்துக் கயிறு வழுக்கியது.

அருளம்பலத்தின் கயிறு திடீரென்று உள்ளங்கையை உரித்துக்கொண்டு முன்னால் ஓடியது. யாரோ அலறினார்கள். சாய்கிறது, சாய்கிறது என்று லைல் கத்துவது கேட்டது. மஞ்சள் முதுகு பின்னோக்கி வந்து அவர்மேல் மோதியது. அவர் முழங்கால் சேற்றில் புதைந்தது. கையை விட்டால் வலி நிற்கும். அவர் விடவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். பின்னால் ஆட்கள் ஓடிவந்து கயிற்றைப் பற்றுவது தெரிந்தது. கயிறு நின்றது. பிறகு மெல்ல, ஒரு சாண், இன்னொரு சாண், பின்னால் வந்தது.

குழிக்குள் மரம் இறங்கிய சத்தம் நிலத்தில் கேட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. அருளம்பலம் தலையை நிமிர்த்தினார். கண்ணாடி முழுக்க மழையும் சேறும். துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது கம்பம் நேராக நின்றுகொண்டிருந்தது. எப்போதும் அங்கேயே நின்றதுபோல.

மஞ்சள் கோட்டுக்காரர் திரும்பி அவரைத் தூக்கி நிறுத்தினார். கட்டிப்பிடித்தார். யாரென்று அருளம்பலத்துக்குத் தெரியாது. பிறகுதான் பெர்ட் என்று பெயர் சொன்னார். தெருக்கோடி வீட்டுக்காரர்.

மண்டபத்தில் விருந்து. சால்மன் மீன், கடற்பாசியில் ஒட்டிய மீன்முட்டை, உருளைக்கிழங்கு, கேக்குகள். அருளம்பலத்தின் உள்ளங்கையைப் பார்த்த எதெல் சின்னம்மா மருந்து தடவித் துணி சுற்றிவிட்டாள். சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள். கம்பளி, துவாய், பழப்பாகு. அருளம்பலத்தின் கையிலும் ஒரு துவாயும் ஒரு போத்தல் பாகும் வந்தன.

அவர் கூச்சத்தோடு திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்.

"நான் விருந்தாளிதானே. நானல்லவா ஏதாவது கொண்டுவந்திருக்க வேண்டும்."

"இது பரிசில்லை, கூலி" என்றாள் எதெல் சின்னம்மா.

"கயிறு இழுத்ததற்கா?"

"அதற்கில்லை. இன்றைக்கு நீ இங்கே இருந்தாய். நாளைக்கு யாராவது வந்து, வினியின் கம்பம் எழுந்ததா, எப்படி எழுந்தது என்று கேட்டால் நீ சொல்ல வேண்டும். உள்ளதை உள்ளபடி."

அருளம்பலம் துவாயை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது. கூலி வாங்கியாகிவிட்டது. ஆனால் என்ன பார்த்தார்? ஊரே பார்த்த கம்பத்தை அவர் பார்க்கவில்லை. மறுநாள் கடற்கரைக்குப் போய், நின்ற கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அது நின்றதைத்தான் சொல்லியது. எழுந்ததைச் சொல்லவில்லை.

கை ஆறும்வரை தூரிகையைத் தொட முடியவில்லை. ஆறியதும் பழைய படத்தையே எடுத்து வைத்தார். தவளை இருந்த கம்பத்தின் மேலும் முழங்கால் ஆழப் பனியின் மேலும் சாம்பல் நிறத்தைப் பூசினார். அந்தச் சாம்பல் காய்ந்ததும் அதன்மேல் வரையத் தொடங்கினார். பல நாள் வரைந்தார். சில நாள் தாரணி போன் செய்தபோதுகூட எடுக்க மறந்தார். கோபம் ஆறியிருந்த அவள், "சாப்பிட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டு வைப்பாள்.

முடிந்ததும் படத்தை மழைக்கு நனையாமல் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். கோரா தனியாக இருந்தாள். தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவர் படத்தைப் பிரித்துச் சன்னலோரம் சாய்த்து வைத்தார்.

படம் முழுக்கச் சாய்வாக விழுகிற சாம்பல் கோடுகள். அவற்றுக்கு நடுவே, மலை ஒரு மடிப்பாக வருகிற மாதிரியே, ஒவ்வொரு மடிப்பாக முதுகுகள். மஞ்சள், பச்சை, கறுப்பு. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே பக்கம் சாய்ந்து. எல்லா முதுகுகளையும் தைத்துக்கொண்டு தடித்தும் மெலிந்தும் ஒரு கோடு ஓடியது. அது கயிறு. அது படத்தின் மேல் ஓரத்தில் போய் வெளியேறியது. அதற்கு அப்பால் என்ன என்று படத்தில் இல்லை.

கோரா வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலால் தொடாமல் தொட்டாள்.

"இது பெர்ட். இந்த மழைக்கோட்டை எறி என்று அவன் மனைவி எத்தனை வருஷமாகச் சொல்கிறாள்." சிரித்தாள். "இது டெய்ஸி. இது டெய்ஸியின் தம்பி. குளிர்ந்தால் இப்படித்தான் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வான்."

"கம்பம் இல்லை, ரீச்சர்" என்றார் அருளம்பலம்.

"பார்த்தேன்."

"நான் பார்க்கவில்லை. அதனால்தான் வரையவில்லை. கூலி வாங்கிவிட்டு இப்படிச் செய்துவிட்டேன் என்று சின்னம்மா கோபிப்பாவோ தெரியாது."

கோரா மறுபடி தூரிகைகளைக் கையில் எடுத்தாள்.

"நீங்கள் வீட்டுக்காரர்களோடு முன்னால் நின்றீர்கள். முழுதாகப் பார்த்திருப்பீர்கள். எப்படி எழுந்ததென்று எனக்குச் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டாவது..."

"நானும் பார்க்கவில்லை, அருள்."

அவர் அவளைப் பார்த்தார்.

"கயிறு வழுக்கியதில்லையா? போர்வையைப் போட்டுவிட்டு ஓடினேன். எந்தக் கயிறு கிட்ட இருந்ததோ அதைப் பிடித்தேன்."

"எந்தக் கயிறு?"

கோரா ஈரத் தூரிகைகளைத் துணியில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குப் பின்னால்தான் நின்றேன். அம்மாவின் கம்பம் எழுந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் முதுகுதான்."